கோபுரத்துக்கு ஒரு டச்சிங்

அன்று நடந்தவை, வரிசைப்படி:

1. மாலை ஏழு மணிக்கு நானும் சித்தப்பாவும் இரண்டு ஃபோகஸ் லைட், ஒரு முக்காலி ஸ்டாண்ட், ஒரு கேமராவோடு அந்தக் கோயில் வாசலில் இறங்கினோம்.

2. ஏழேகாலுக்குக் கரண்ட் போனது.

3. எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. கூடவே திருவிழாக் குழுவினர் ஒன்பது பேரும் வந்தார்கள். ஒன்பது பேரும் படியத் தலை வாரியிருந்தார்கள்.

4. கோபுரத்தை மட்டும்தான் எடுக்கப் போகிறேன், ஆட்களை இல்லை என்று சொன்னேன். ஒன்பது பேரும் கோபுரத்தின் முன்னால் போய் நின்றார்கள்.

5. அப்படியானால் கேமரா திறந்திருக்கும் முப்பது விநாடியும் அசையக் கூடாது என்றேன். ஐந்தாவது விநாடியில் செயலாளர் கொசு அடித்தார்.

6. மூன்று படம் எடுத்தேன். மூன்றிலும் ஒன்பது பேரும் புகையாகக் கரைந்துபோனார்கள்.

7. மூன்றிலும் தெளிவாக விழுந்தவை இரண்டு. ஒன்று, கோபுரச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய விரிசல். மற்றொன்று, அந்த விரிசலுக்கு நேர் கீழே படியில் உட்கார்ந்திருந்த சவரியம்மாள்.

இந்த வாரம் எழுதப்போவது ஏழாவது எண்ணைப் பற்றி.

ஏன் ராத்திரி?

அரியலூரிலிருந்து உடையார்பாளையம் போகும் வழியில், முந்திரிக் காடுகளைத் தாண்டி உள்ளே இருக்கிறது அந்த ஊர். பெயரை எழுதவில்லை. எனக்கு அங்கே இன்னும் போக்குவரத்து இருக்கிறது. எந்த மாவட்டம் என்றும் கேட்காதீர்கள். அரியலூரைத் தனியாகப் பிரித்தார்கள், பிறகு பெரம்பலூரோடு சேர்த்தார்கள், இப்போது மறுபடி பிரிக்கிறார்கள். நான் படம் எடுத்தது ஒரு பிரித்தலுக்கும் ஒரு சேர்த்தலுக்கும் நடுவில்.

கோயில் கோத்திக் பாணி. அதாவது கூரான வளைவுகள், முகப்பில் வட்டமான வண்ணக் கண்ணாடிச் சன்னல், எண்பது அடி உயரத்துக்கு ஊசி போன்ற கோபுரம். வெளிநாட்டிலிருந்து வந்த பாதிரியார் ஒருவர் தன் ஊர்க் கோயிலை நினைவில் வைத்து வரைந்து கொடுக்க, நம் ஊர்க் கொத்தனார்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்களாம். அவர் ஊரில் அந்த உச்சியில் பனி உறையும். இங்கே காக்கை கூடு கட்டியிருந்தது.

கோயிலுக்கு நூறு வயது ஆகப்போகிறது என்று காலண்டர் போட முடிவு செய்தார்கள். அதற்குப் படம் வேண்டும். திருவிழாக் குழுச் செயலாளர் ஞானப்பிரகாசம், சிமெண்ட் ஆலையில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர், பெரம்பலூரில் இருந்த எங்கள் சித்தப்பாவின் ஸ்டுடியோவுக்கு நேரில் வந்து விவரம் சொன்னார்.

"பகல்ல எடுத்தா பாசி தெரியும் பாப்பா. பூச்சு பேந்தது தெரியும். ராத்திரில லைட்டு போட்டு எடு. சும்மா ஃபாரின் மாதிரி நிக்கும்."

சித்தப்பா கல்யாண வீடுகளில் பேர் வாங்கியவர். இருபது வருடமாக அவருக்குத் தெரிந்த ஒரே இரவு வெளிச்சம் ஃப்ளாஷ்.

"ஏய் மலரு, ஃப்ளாஷ் போடாம ராத்திரில என்னா படம்? கரிச்சட்டிதான் வரும்."

"ஃப்ளாஷ் பத்தடி போவும் சித்தப்பா. கோபுரம் எம்பதடி."

"அப்ப எட்டு ஃப்ளாஷ் போடு."

கடைசியில் கேமரா என் பொறுப்பு, லைட் பிடிப்பது அவர் பொறுப்பு என்று ஆனது. வயசுப் பெண்ணை ராத்திரியில் வெளியூருக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்று துணைக்கும் அவரே வந்தார். துணை, எட்டரை மணிக்கு வேனில் ஏறித் தூங்கிவிட்டது.

பக்க வெளிச்சம்

கல்யாண வீடுகளில் லைட்டை முகத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். அந்த வெளிச்சம் எல்லாவற்றையும் மன்னித்துவிடும். கோயிலுக்கு நேர் எதிரே சப்பரம் நிறுத்தும் கொட்டகை இருந்ததால் நேராக லைட் வைக்க இடமில்லை. சுவருக்குப் பக்கத்திலேயே தரையில் வைத்து, பக்கவாட்டில் சாய்வாக மேல்நோக்கிச் சுவரைத் தடவிக்கொண்டு போகும்படி திருப்பினேன். இந்த வெளிச்சம் எதையும் மன்னிக்காது.

பகலில் அந்த விரிசல் பாசிக் கோடுகளோடு ஒரு கோடாகக் கிடந்தது. பக்க வெளிச்சத்தில் பாசிக்கு நிழல் விழாது. விரிசலுக்கு விழும்.

விரிசல் மட்டும் இல்லை. சுவர் முழுக்க ஒட்டுப்போட்ட பாவாடை போல விதவிதமான பூச்சுகள் புடைத்துத் தெரிந்தன. ஒவ்வொரு ஒட்டின் மேலும் கொத்தனார் கரண்டி முனையால் கீறிய எழுத்துகள். அத்தனையும் உபயம், உபயம், உபயம்.

சிமெண்ட் வைத்தியம்

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து சிமெண்ட். கிணறு இடிந்தால் சிமெண்ட், களத்தில் எலி வளை இருந்தால் சிமெண்ட், அய்யனார் குதிரையின் காது உடைந்தால் சிமெண்ட். ஆலையில் வேலை பார்க்கும் வீடுகளில் மூட்டைக்குப் பஞ்சமில்லை. அந்த ஊரிலும் ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளை பத்தாவது பாஸானால், பெண்ணுக்கு வரன் அமைந்தால், கோயிலுக்கு நாலு மூட்டை சிமெண்ட் நேர்ந்துகொள்வார்கள். நேர்ந்த சிமெண்டைச் சும்மா வைத்திருக்க முடியுமா? எங்கேயாவது பூச வேண்டும். பூசிய இடத்தில் பெயர் எழுத வேண்டும்.

சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெளியே விடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைத் தின்னும். இது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடப் பாடம். நூறு பேருடைய நேர்த்திக்கடன் அந்தக் கோபுரத்தை வெளியிலிருந்து அலங்கரித்து உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதுவது சுலபம். நேரில் சொல்லிப் பாருங்கள்.

புகையாய்ப் போனவர்கள்

படத்தைப் பெரிதாக்கி எடுத்துக்கொண்டு போனேன். பாதிரியார் குடியிருக்கும் சாமியார் பங்களாவில் மேசையைச் சுற்றிக் குழு கூடியது. ஒன்பது பேரும் முதலில் தங்களைத் தேடினார்கள்.

"எங்க, ஆளுவளையே காணோம்? ஒரே பொகையா கெடக்கு."

"அந்தப் பொகை நீங்கதாங்க சார். அசைஞ்சுட்டீங்க."

"சவரியம்மா மட்டும் எப்புடி வுழுந்துச்சு?"

"அவங்க அசையல."

"அதான பாத்தேன்," என்றார் ஒருவர். "வேல செய்யாத ஆளுன்னு கேமராவுக்கே தெரிஞ்சிருக்கு."

சவரியம்மாள் அப்போது காபி டம்ளர்களோடு வாசலில் நின்றிருந்தார். கோயிலில் மணியடிப்பது, பெருக்குவது, மெழுகுவத்தி ஏற்றுவது, கதவு பூட்டுவது எல்லாம் அவர்தான். கணவர் பார்த்த வேலை, அவர் இறந்த பிறகு இவருக்கு வந்தது. அன்றிரவு அவரைப் படத்துக்கு யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் கிளம்பினால்தான் கதவைப் பூட்ட முடியும் என்று விளக்குமாற்றோடு படியில் காத்திருந்தார், அவ்வளவுதான்.

"வேல செஞ்சவ அலுத்துப்போயி உக்காந்திருந்தேன்," என்றார் டம்ளரை வைத்துக்கொண்டே. "நீங்கள்லாம் தலய வாரிக்கிட்டு நின்னீங்க."

பங்குச் சாமியார் சிரிப்பை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்போதுதான் ஞானப்பிரகாசத்தின் விரல் படத்தின் நடுவில் வந்து நின்றது.

"எங்கப்பா பேருல என்னா கோடு இது?"

கோபுரத்தின் இரண்டாவது நிலையில், சன்னலுக்குக் கீழே, ஒரு பெரிய ஒட்டு. அதில் அவருடைய அப்பா லூர்துசாமியின் பெயர். விரிசல் லூர்துவை ஒரு பக்கமும் சாமியை மறுபக்கமும் தள்ளிவிட்டுக் கீழே இறங்கியிருந்தது.

"கோடு இல்ல சார், விரிசல். மேலேருந்து படி வரைக்கும் வருது. இந்தக் கோபுரத்துல புது மணிய மாட்டக் கூடாது."

புது மணி என்றால், நூறாவது வருடத்துக்காக வார்த்த வெண்கல மணி. எட்டுப் பேர் சேர்ந்துதான் அதை வண்டியில் ஏற்ற முடிந்தது. தார்ப்பாய் போட்டு மூடி, கோயில் முற்றத்தில் டிராக்டர் டிரெய்லரிலேயே வைத்திருந்தார்கள். பத்து நாளில் கொடியேற்றம். அன்று கோபுரத்தில் ஏற்றி முதல் மணி அடிப்பதாக நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. அடிக்கப்போவது சவரியம்மாள். கயிறு தொங்குவது கோபுரத்தின் அடியில், அந்தப் படிக்கு உள்பக்கம்.

"பாப்பா, ஒன்னயப் படம் எடுக்கத்தான் கூப்புட்டோம்."

"நான் சிவில் படிச்சிருக்கேன் சார்."

"டிப்ளமாதான?"

"நூறு வருசமா நிக்குது," என்றார் இன்னொருவர். "ஒனக்குப் பயந்துக்கிட்டு இப்ப வுழப்போவுதா?"

சாமியார் "பார்ப்போம்" என்றார். அவர் எல்லாவற்றுக்கும் பார்ப்போம் என்பார். பார்ப்பதற்குத்தான் படத்தை மேசையில் வைத்திருந்தேன்.

ஞானப்பிரகாசம் தீர்ப்புச் சொன்னார். "ஸ்டுடியோவுல அம்மத் தழும்ப எடுக்குறீங்கல்ல? அது மாதிரி இந்தக் கோட்ட எடுத்துடு. அப்புடியே அந்தப் பொம்பளயயும் எடுத்துடு. காலண்டர்ல வெளக்குமாத்தோட நல்லாவா இருக்கு?"

வெளியே வந்தபோது சவரியம்மாள் படத்தைக் கேட்டார். வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"என் தலக்கி மேல கறுப்பா இருக்கே, இதுதானா?"

"ஆமாங்கக்கா."

"ஓணான் ஏறுற தடம்னுல்ல நெனச்சேன்," என்றார்.

டச்சிங்

ஞானப்பிரகாசம் கேட்டது எனக்குத் தெரியாத வேலை இல்லை. பகலில் ஒரு கட்டட ஆபீசில் வரைபடம் போடுவேன். மாலையில் ஸ்டுடியோவில் டச்சிங். நெகட்டிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் மெல்ல மெல்லப் புள்ளி வைத்தால் தழும்பு, கருவளையம், நெற்றிச் சுருக்கம் எல்லாம் போய்விடும். பெண் பார்க்க அனுப்பும் படங்களில் நான் போக்கிய அம்மைத் தழும்புகளுக்குக் கணக்கில்லை. வேப்பந்தட்டைப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்துக்கு மறுநாள் படத்தோடு வந்து, "இந்தப் பொண்ணு எங்கங்க?" என்று சித்தப்பாவிடம் சண்டை போட்டார்கள். அந்தப் பெண் வெளியில் ஆட்டோவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தப்பா அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். நான் அன்று மாலையும் டச்சிங் செய்தேன்.

ஆகவே நான் நல்லவள் என்று எழுத வரவில்லை. முகத்துக்குச் செய்ததைச் சுவருக்குச் செய்யக் கை தயங்கியது, அது மட்டும்தான். தழும்பு யார் தலையிலும் விழாது.

கண்ணாடித் துண்டு

விரிசல் நகர்கிறதா இல்லையா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு கண்ணாடிப் பட்டையை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையையும் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். விரிசல் அசைந்தால் கண்ணாடி உடையும். படச் சட்டம் போட்டு மீந்த கண்ணாடி ஸ்டுடியோவில் நிறையக் கிடந்தது. ஒன்றை விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறினேன்.

ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத ஒட்டுனா எங்கப்பா பேரு பளிச்சுன்னு தெரியுமா?"

"பேருக்குப் பக்கத்துலயேதான் ஒட்டப்போறேன் சார்."

அனுமதி கிடைத்தது. உள் படிக்கட்டு வழியே ஏறி, சன்னலிலிருந்து கையை நீட்டி, லூர்துவையும் சாமியையும் கண்ணாடியால் இணைத்தேன். காய்ந்த பிறகு மார்க்கர் பேனாவால் தேதி எழுதினேன். அப்போது மேலே தொங்கியது பழைய சின்ன மணி. பள்ளிக்கூட மணியைவிடக் கொஞ்சம் பெரியது. அதைத்தான் சவரியம்மாள் நாளுக்கு மூன்று வேளை அடித்துக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் ஸ்டுடியோவுக்கு போன் வந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து சவரியம்மாள்.

"ஏம்மா, ஒன் கண்ணாடி ஒடஞ்சிருச்சு. மத்தியான மணி அடிச்சேன், டிக்குனு ஒரு சத்தம். ஏறிப் பாத்தா ரெண்டாக் கெடக்கு. நான் ஒடைக்கல, சொல்லிப்புட்டேன்."

"நீங்க ஒடைக்கலக்கா. செவுரு ஒடச்சிருக்கு."

பூத்தில் மீட்டர் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப பெரிய மணி அடிக்கயில?"

"அதுக்குத்தான் வரேன்."

நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடி இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில், இன்னும் ஈரம் காயாமல், உள்ளங்கை அகலத்துக்குப் புதுச் சிமெண்ட்.

ஞானப்பிரகாசம் அமைதியாக விளக்கினார். "ஒடஞ்ச கண்ணாடி கோயில்ல இருக்கக் கூடாது பாப்பா. புள்ளைவ கையக் கிழிச்சுக்கும். அதான் பூசிட்டோம்."

விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வைத்த சாட்சியை விரிசலோடு சேர்த்தே பூசிவிட்டார்கள். அதுவும் யாரோ நேர்ந்துகொண்ட சிமெண்டாகத்தான் இருக்கும். அந்த ஒட்டில் மட்டும் யார் பெயரும் இல்லை.

பேரம்

கொடியேற்றத்துக்கு ஐந்து நாள் இருந்தது. அன்று இரவு பஸ்ஸில் திரும்பும்போது என் வழக்கப்படி ஒரு பட்டியல் போட்டேன். இவர்களிடம் செல்லுபடியாகாதவை: என் படிப்பு, என் படம், கண்ணாடி, சவரியம்மாளின் தலை. செல்லுபடியாவது: லூர்துசாமி.

மறுநாள் போய் சாமியார் முன்னிலையில் ஞானப்பிரகாசத்திடம் பேசினேன்.

"சார், படத்துல இருக்குற கோட்ட எடுத்துத் தரேன். சுத்தமா எடுத்துடலாம். ஆனா செவுத்துல இருக்குறத நான் எடுக்க முடியாது. சின்ன மணிக்கே கண்ணாடி ஒடஞ்சிருச்சு. பெரிய மணி ஆடுச்சுன்னா மொதல்ல பேந்து வுழப்போறது உங்கப்பா பேருதான். அதுவும் கொடியேத்தத்து அன்னிக்கு, ஊரே அண்ணாந்து பாத்துக்கிட்டு இருக்கயில."

அவர் முகம் மாறியது. இத்தனை நாளில் அவர் முகம் மாறி நான் பார்த்தது அப்போதுதான்.

"இப்ப என்னாதான் பண்ணச் சொல்ற?"

"மணிய இரும்பு ஸ்டாண்டு அடிச்சுக் கீழ மாட்டுங்க. சின்ன மணியையும் எறக்கிடுங்க. எல்லாம் சரிபண்ண பெறவு மேல ஏத்திக்கலாம். நீங்க சரின்னா டச்சிங் பண்ணித் தரேன். இல்லன்னா இந்தப் படத்த அப்புடியேதான் குடுப்பேன்."

"நோட்டீசு ஒட்டியாச்சே?"

சாமியார் வாயைத் திறந்தார். "தற்காலிகமாக என்று சொல்லிக்கொள்ளலாம்." பார்ப்போம் என்ற சொல்லைத் தாண்டி அவர் சொல்லி நான் கேட்ட ஒரே வாக்கியம்.

"சரி. அந்தப் பொம்பளயயும் எடுத்துடுவல்ல?"

"அது முடியாது சார். நெகட்டிவ்ல அப்புடி ஆள எடுக்க வராது."

வரும். அரை மணி நேர வேலை.

ஒரு முழு மதியம் வெளிச்சப் பெட்டியின் முன் உட்கார்ந்தேன். நெகட்டிவில் அந்த விரிசல் ஒரு தலைமுடி கனம். பென்சிலால் புள்ளி புள்ளியாக அடைத்தேன். நான் செய்த டச்சிங்குகளிலேயே சிறந்தது அது. லூர்துசாமி ஒன்று சேர்ந்தார்.

கொடியேற்றத்தன்று மணி இரும்பு ஸ்டாண்டில், வேப்ப மரத்தடியில் தொங்கியது. பக்கத்தில் ஒரு போர்டு: "பக்தர்கள் தொட்டு ஜெபிக்க வசதியாக மணி கீழே அமைக்கப்பட்டுள்ளது." ஜனங்கள் வரிசையில் நின்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஞானப்பிரகாசம் இந்த ஏற்பாடு தன்னுடைய யோசனை என்று மைக்கில் சொன்னார். சவரியம்மாள் கயிற்றை இழுத்தார். சத்தம் முந்திரிக் காடு தாண்டிப் போனது. கூட்டத்தில் நின்ற என்னைப் பார்த்து ஒரு முறை தலையை மேலே தூக்கிக் காட்டினார். அவர் தலைக்கு மேல் வேப்பங்கிளை இருந்தது.

இப்போதைய நிலவரம்

அந்தச் சாமியார் மாறிப் போய்விட்டார். அடுத்து வந்தவர், இளையவர், கோபுரத்தைப் பழுதுபார்க்க அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். ஒரு பொறியாளர் வந்தார். பங்களாச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த காலண்டர் படத்தைப் பார்த்தார். சில வருடத்துக்கு முந்திய படத்தில் கோபுரம் பழுதில்லாமல் இருப்பதால் விரிசல் புதியது, மேல்பூச்சில் மட்டும் வந்தது, அவசரமில்லை என்று எழுதிவிட்டுப் போனார்.

அன்று எடுத்த மூன்று நெகட்டிவில் டச்சிங் செய்தது ஒன்று. மற்ற இரண்டும் என்னிடம் இருக்கின்றன. அவற்றைப் பிரிண்ட் போட்டு, காலண்டர் படத்தில் விரிசலை மறைத்தது நான்தான் என்று கையெழுத்திட்ட கடிதத்தோடு, இளைய சாமியாரிடம் கொடுத்தேன். அவர் அதை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டார். பதில் வரவில்லை.

போன மாதம் போயிருந்தேன். விரிசலில் என் சுண்டுவிரல் நுழைகிறது. அடியில் யாரும் போகாமல் முள்வேலி கட்டியிருக்கிறார்கள். மணி இன்னும் தற்காலிகமாக மரத்தடியில் இருக்கிறது. சவரியம்மாள் மூன்று வேளையும் அங்கேதான் நின்று அடிக்கிறார்.